இருபதாவது கண்ணீர்

காலை பத்தரைக்கு உறைபெட்டியிலிருந்து எடுத்த இருபதாவது குப்பியில் ஒன்றுமே இல்லை. மூடி சரியாக அழுந்தவில்லை. வறண்ட கண்ணை ஆராயும் இடத்தில், சேமித்து வைத்த கண்ணீரே வறண்டு போயிருந்தது.

ஆய்வு மாணவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபது நோயாளிகள், அவர்களுக்கு வயதுக்கு வயது இணையாக இருபது நல்ல கண்கள். அழற்சிப் புரதம் கூடக் கூட மஞ்சளாகும் குழித்தட்டு உறை பிரித்து மேசைமேல் தயாராக இருந்தது. பன்னிரண்டு மணிக்குள் கண்ணீரை விடாவிட்டால் தட்டு வீண். அடுத்தது வர மூன்று மாதம். ஆய்வேட்டைக் கொடுக்க மிச்சமிருப்பது இரண்டு.

காய்ந்தது நல்ல கண்களில் கடைசிக் குப்பி. தேவை, முப்பத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி. அடுத்த தெருச் செருப்புக்கடையில் வேலை செய்யும் அக்காவுக்கு அதே வயது. போன் போட்டதும் ஓடி வந்தாள்.

"பூனை, எவ்வளவு அழணும்?" படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டாள். சத்தமே இல்லாமல் வளர்ந்ததால் தங்கைக்கு வீட்டில் அந்தப் பெயர்.

"அழவும் கூடாது, சிரிக்கவும் கூடாதுக்கா. புதுத் தண்ணி ஊறிடுச்சுன்னா புரதம் நீர்த்துப் போயிடும். சும்மா இருக்கிறப்போ கண்ல இருக்குமே, அந்த ஈரம்தான் வேணும்."

"சும்மாதானே? அதுல நான் கெட்டிக்காரி."

முடிபோன்ற கண்ணாடிக் குழாய் இமையோரம் போனதுமே அக்காவின் தோள் குலுங்கியது.

"அக்கா!"

"உனக்கு மூக்கு சிந்தி விட்டவடி நான். இப்ப நீ என் கண்ணை..." முடிக்க முடியவில்லை. கன்னமெல்லாம் வழிந்தது. அத்தனையும் வீண்.

கண் அடங்கப் பத்து நிமிடம் காத்திருந்து, மறுபடி. இம்முறை ஆய்வக உதவியாளர் எதிரே வந்து முறைத்தபடி நின்றார். ஐம்பது வயது, சிரித்தறியாத முகம்.

"அண்ணே, தயவுசெஞ்சு திரும்பிக்கோங்க! உங்களைப் பார்த்தா அடக்க முடியலை!" என்றாள் அக்கா.

மணி பதினொன்றரை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மேசையில் கிடந்த ஆய்வேட்டைத் திறந்து, 'செய்முறைகள்' அத்தியாயத்தை ரயில் அறிவிப்புக் குரலில் வாசிக்கத் தொடங்கினார்.

"மாதிரிகள் நான்கு பாகை வெப்பத்தில் பத்து நிமிடம் சுழற்றப்பட்டன. பின்னர் தட்டு ஐந்து முறை கழுவப்பட்டது..."

"அஞ்சு தடவையா?" என்றாள் அக்கா. அதுதான் கடைசிச் சிரிப்பு. இரண்டாம் பக்கத்தில் முகம் தளர்ந்தது. மூன்றாம் பக்கத்தில் சுவரை வெறித்தாள். குழாயில் ஈரம் மெல்ல மெல்ல ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று மைக்ரோலிட்டர். ஐந்து வேண்டும்.

அக்காவின் தாடை அசைந்தது.

"கொட்டாவி! கொட்டாவி விட்டாலும் கண்ணீர் வரும்!" மாணவி கிசுகிசுத்தாள். "நிறுத்துங்கண்ணே!"

"நிறுத்தினா சிரிப்பாங்களேம்மா!"

ஈரம் ஐந்தாவது கோட்டைத் தொட்டது. குழாயை எடுத்த அதே நொடியில் அக்கா ஊரையே விழுங்குவதுபோல் வாயைப் பிளந்தாள். மாணவி குப்பியை மூடினாள். இரண்டு முறை அழுத்திப் பார்த்தாள். பிறகுதான் தரையில் உட்கார்ந்து, வாழ்நாளில் முதல்முறையாகச் சத்தம்போட்டுச் சிரித்தாள். உதவியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் முதுகும் குலுங்கியது.

தட்டு பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் முன்பே நிரம்பியது. மாலையில் பார்த்தபோது அக்காவின் குழியில் மஞ்சள் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. நல்ல கண்.

அடுத்த வாரம் பேராசிரியை அந்த அத்தியாயத்தைத் திருத்தினார். ஒரு வரியில் பேனா நின்றது: 'இருபதாவது நபரிடம் மட்டும், சேகரிப்பின்போது இந்த அத்தியாயம் உரக்க வாசிக்கப்பட்டது.'

"இது உண்மையா?"

"ஆமாம் மேடம்."

"எத்தனை பக்கம்?"

"மூணு."

'மூன்று பக்கங்கள்' என்று சேர்த்து எழுதிவிட்டு, பேராசிரியை ஒரு கொட்டாவி விட்டார்.