தெருப் பெயர் சொல்லக் கூடாத சபை

1

இந்தக் கதை தானாக வந்தது என்று எழுதத் தொடங்கினேன். பொய். ஒரு மதியம் வானொலியில் பாராளுமன்றம் ஓடிக்கொண்டிருந்தது. தேச ஒற்றுமை பற்றிய விவாதம். ஆனால் யார் ஆட்சியில் எதற்கு எவ்வளவு செலவு என்றுதான் அடித்துக்கொண்டார்கள். ஒருவர் தன் தொகுதியில் தண்ணீரில்லாத ஒரு தெருவைப் பற்றிப் பேச எழுந்தார். இன்றைக்கு ஒற்றுமையைப் பேசுங்கள் என்று உட்கார வைத்துவிட்டார்கள். அவர் வீட்டில் போய் என்ன சொல்லியிருப்பார்? இன்றைய ஆளை எழுதத் தைரியமில்லாமல் நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

2

1903. ஸ்ரீவில்லிபுத்தூரில் காலை வெயில்...

(அடித்துவிட்டேன். வெயிலை வைத்தே ஒரு பக்கம் ஓட்டிவிடுவேன்.)

ராஜபாளையத்தில் மிளகாய் வத்தல் கடை வைத்திருந்த சேக் முகைதீன், ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடும் ஐக்கிய சபைக்குப் புறப்பட்டார்.* மனைவி மாஜிதா வாசலில் மறித்தாள்.

"அங்க போயி எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வராதீங்க. நம்ம தெருவுக்கு ஒரு கெணறு. அம்புட்டுத்தான்."

அந்தத் தெருவுக்குத் தண்ணீர், எருமை இறங்கும் ஓடையிலிருந்துதான். போன ஐப்பசியில் காலரா மூத்த மகள் ஆரிபாவைக் கொண்டுபோனது. இளையவள் அசீனா இன்னும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறாள்.

*இப்படியொரு சபை இருந்ததில்லை. இரண்டு ஊருக்கும் பொதுவாக நானே கட்டினேன். முந்தின வருஷம் தெருவுக்குத் தெரு வெட்டுக்குத்து நடந்ததாகவும் வைத்துக்கொண்டேன். அதிலிருந்து சபையில் யாரும் எந்தத் தெருவின் பெயரையும் எடுக்கக் கூடாது. எடுத்தால் தலைவர் மணியடிப்பார், பேச்சு முடிந்தது. நல்ல எண்ணத்தில் வந்த வழக்கம். எனக்குப் பயமே அதில்தான்.

3

அன்றைய விஷயம், சபைக்கு முன்னால் ஒற்றுமை வளைவு கட்ட ஐந்நூறு ரூபாய்.

"போன வருசம் ரோட்டுக்குன்னு செலவழிச்சீகளே, அதுல யாரு வண்டி ஓடுது?" என்றார் சபை உறுப்பினர் தவசிமுத்து.

"உம்ம வண்டிதான். நீரு நடந்தா வந்தீரு?" என்றார் வேல்சாமி. சபை சிரித்தது.

சேக் முகைதீன் எழுந்தார். "எங்க தெருவுல..."

தலைவர் சுயம்புலிங்கம் மணியைத் தொட்டார். அடிக்கவில்லை. "ராவுத்தரே, ஒத்துமைக்குக் கூடியிருக்கோம். தெருவைப் பிரிச்சுப் பேசலாமா?"

"வத்தல் காரம். ராவுத்தருக்குத் தண்ணி தவிக்கி," என்றார் வேல்சாமி.

சேக் முகைதீனுக்கு முகம் சுட்டது. தன் பிள்ளைக்காகக் கேட்பது பிச்சையாகவும், ஊருக்காகக் கேட்பது கௌரவமாகவும் அந்த நிமிஷம் தோன்றியது. மணி அடித்துவிட்டால் கிணறு போச்சு. தெருவை விட்டுவிட்டுக் கேட்டால் கிடைத்துவிடும், இடத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

"ஊருக்குப் பொதுவா ஒரு கெணறு வேணும்," என்றார்.

(முதல் பிரதியில் அவர் தெருப் பெயரை உரக்கச் சொல்லிவிட்டு வெளியேறினார். கிழித்தேன். அது நான் ஆசைப்பட்ட தைரியம், அவருடையதல்ல.)

மறுப்பே இல்லை. வளைவோடு சேர்த்துக் கிணறும் நிறைவேறியது. பொதுக் கிணறு பொது இடத்தில்தானே இருக்க வேண்டும்? வளைவுக்குப் பக்கத்தில், சபைக்கு முன்னால், ஸ்ரீவில்லிபுத்தூரில்.

"தன் தெருன்னு பாக்காத மனுசன்யா," என்று வேல்சாமி அவரைக் கட்டிப்பிடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். சேக் முகைதீனும் தட்டினார். அந்த வாக்கியத்தை எடுத்துவிட எவ்வளவோ பார்த்தேன். எடுத்தால் அவர் வேறு ஆளாகிவிடுகிறார்.

4

ஏழு மைல் மாட்டு வண்டியில் அவர் என்ன நினைத்தார் என்று

எழுத வரவில்லை.

முன்னால் போன பார வண்டிக்காரன் தெருவில் சேதியை இறக்கியிருந்தான்: ராவுத்தருக்குக் கிணறு கிடைத்துவிட்டது. அவர் வந்து இறங்கும்போது பெண்கள் கூடி நின்று இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நடுத் தெருவுல வெட்டுனா எல்லாருக்கும் தோதா இருக்கும். எப்பங்க வெட்ட வாராக?" என்றாள் மாஜிதா. ஆரிபா போன பிறகு அவள் முகம் இப்படி இருந்து அவர் பார்த்ததில்லை.

"கெணத்துக்குள்ள எட்டிப் பாக்கலாமா அத்தா?" என்றாள் அசீனா.

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் பொய் சொல்கிறார். ஒன்றில் அழுகிறார். இன்னொன்றில் மாஜிதாவே புரிந்துகொள்கிறாள். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது, அதனாலேயே விட்டுவிட்டேன்.

அவர் வண்டிப் பக்கத்திலேயே நிற்கிறார். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்னால் முடியாது. நீங்கள் போய்ச் சொல்லுங்கள். சொல்வதற்கு முன் அசீனாவை எங்காவது அனுப்பிவிடுங்கள்.