சும்மா இருக்கும் மூளை

இது நடந்த வரிசை எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தம்பிராஜா இதைச் சொன்னதே ஒரே ஒரு முறைதான். அதுவும் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே தேநீர் ஆறிப்போகிற அளவுக்கு மௌனம். அந்த மௌனங்களில் எதை அவன் சொன்னான், எதை நானாக நிரப்பிக்கொண்டேன் என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆண்டில் மட்டும் சந்தேகமில்லை. மலாய் நாடு சுதந்திரம் வாங்கிய ஐம்பத்தேழு.

தம்பிராஜா அப்போது மலாக்காவில், கடலைப் பார்த்திருந்த ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவான், ஊசி போடுவான், டாக்டரின் ஆங்கிலத்தை நோயாளிக்குத் தமிழிலும் மலாயிலும் மாற்றிச் சொல்வான். வீடு காஜா பெராங்கில், செட்டிகளின் கோயிலுக்கு இரண்டு சந்து தள்ளி. தாய் தகப்பன் போய்விட்டார்கள். தங்கை கோகிலா ஒருத்திதான். அவளுக்குச் சிரம்பானில் தபால் ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த ராஜரத்தினத்தைப் பேசி முடித்து, ஆவணியில் முகூர்த்தம் குறித்திருந்தார்கள்.

அந்த வருடத் தொடக்கத்தில் டாக்டர் ரென்விக் என்ற வெள்ளைக்காரர் ஓர் இயந்திரத்தோடு வந்து சேர்ந்தார். தலையில் அங்கங்கே சிறு வெள்ளித் தகடுகளை ஒட்டிவிட்டால், ஓடுகிற காகிதத்தில் எட்டுப் பேனாக்கள் எட்டுக் கோடுகளைக் கீறும். மூளையில் ஓடும் மின்சாரம் அது. நோயாளிகளை விட, நோயில்லாதவர்கள் மேல்தான் ரென்விக்குக்குக் கண். அவர்களைப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஒன்றும் செய்யாமல் இருக்கச் சொல்வார். பிறகு மேசையில் காகிதத்தை விரித்து, வலப்பக்கக் கோடு எழும்போது இடப்பக்கக் கோடும் எழுகிறதா, பின்மண்டையும் முன்மண்டையும் ஒன்றோடொன்று சேர்ந்து அசைகின்றனவா என்று அடிக்கோல் வைத்து அளப்பார்.

“சும்மா இருக்கும் மூளை சும்மா இருப்பதில்லை, தம்பிராஜா. ஊர் அடங்கிய பிறகும் தந்திக் கம்பியில் சேதி போய்க்கொண்டே இருக்கிறதல்லவா, அப்படி. எந்த ஊர் எந்த ஊரோடு பேசுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.”

முப்பது பேர் தேவைப்பட்டார்கள். ஆள் பிடிக்கும் வேலை தம்பிராஜாவுடையது. ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பேர் மட்டும் பாக்கி. காலையில் குழந்தைகள் வார்டு ஆயா அஞ்சலை வந்து படுத்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். தகப்பன் மருதமுத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். முடிந்து எழுந்தவள் காகிதத்தை எட்டிப் பார்த்தாள்.

“இதுதான் என் மூளையா, அண்ணே?”

“ஆமா.”

“ஒரு துண்டு கிழிச்சுக் குடுங்க. எனக்கு மூளையே இல்லைன்னு எங்கப்பா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. கொண்டு போய்க் காட்டணும்.”

மத்தியானம் கோகிலா வந்தாள். தலைமுடியிலிருந்து சீயக்காய் வாசனை அடித்தது.

“வெள்ளிக்கிழமைன்னு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சியா? தகடு எப்படி ஒட்டும்? ஒரே சூசா, தொல்லை உன்னால.”

“நாளைக்கு வரச் சொல்லியிருந்தா நாளைக்கே வந்திருப்பேன். உங்க டாக்டரு என் தலைக்குள்ள என்னத்தைத் தேடறாரு? களிமண்ணு இருந்தா சொல்லுங்க, சட்டி பானை செய்யலாம்.”

மருந்துச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் வகிடு வகிடாகத் துடைத்துத் தகடுகளை ஒட்டினான். ரென்விக் வார்டுக்குப் போயிருந்தார். இயந்திரத்தை அவனே ஓட்டினான். பத்து நிமிடம் கோடுகள் சீராக அலைந்தன. அதன்பின் திடீரென்று இரண்டு பேனாக்கள் துள்ளின. கூர் கூராக, முள் போல. நின்றன. மறுபடி துள்ளின. ரென்விக்கின் புத்தகத்தில் வலிப்பு நோயாளிகளின் படங்களில் அவன் பார்த்திருந்த அதே முள்.

அவன் கோகிலாவின் முகத்தைப் பார்த்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. எண்ணெய்க் குளியல் ஆளை எப்படி அசத்தும் என்று எந்தத் தமிழ் வீட்டிலும் தெரியும். அன்று பகலில் படுக்கக் கூடாது என்று சொல்வதே அதனால்தான். கோகிலா கண்ணயர்ந்திருந்தாள், அவ்வளவுதான். அரைத்தூக்கத்தில் நல்ல மூளையிலும் அந்த மாதிரி முட்கள் வந்து போகும், அது நோயல்ல என்று ஏழெட்டு வருடம் கழித்து வந்த ஒரு புத்தகத்தில் தம்பிராஜா படித்தான். அன்றைக்கு அது அவனுக்கும் தெரியாது, ரென்விக்குக்கும் தெரியாது. அவனுக்கு ஞாபகம் வந்ததெல்லாம், மூன்று வயதில் காய்ச்சலில் கோகிலாவுக்குக் கைகால் இழுத்ததும், அதை வெளியே சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியதும்தான்.

தாளின் முதல் மடிப்பில் பென்சிலால் பெயர் எழுதுவது அவன் வேலை. வலிப்பு என்ற சொல் சிரம்பானை எட்டினால் கல்யாணம் இல்லை. மேசையில் பெயர் எழுதாத தாள் இன்னும் ஒன்று கிடந்தது. காலையில் எடுத்தது. கோகிலாவின் தாளில் ‘அஞ்சலை’ என்று எழுதினான். அஞ்சலையின் தாளில் ‘கோகிலா’. கை நடுங்கவில்லை என்பதை அவன் என்னிடம் இரண்டு முறை சொன்னான்.

பத்து நாள் கழித்து ரென்விக் அஞ்சலையைக் கூப்பிட்டனுப்பினார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவன் தம்பிராஜாதான்.

“உன் மூளையில வலிப்புக்கு அறிகுறி இருக்காம். இதுவரைக்கும் வரலைன்னாலும் எப்ப வேணா வரலாமாம். தினமும் மாத்திரை சாப்பிடணும்.”

அஞ்சலை சிரித்தாள். “எனக்கா? நான் ஒரு நாள் மயங்கி விழுந்ததில்லையே, அண்ணே. நல்லாக் கேளுங்க.”

அவன் கேட்கவில்லை. கேட்பதுபோல் ஆங்கிலத்தில் ஏதோ முனகினான். ரென்விக் கனிவோடு இன்னொன்று சொன்னார். அதையும் மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது.

“இனிமே நீ பிள்ளைங்களைத் தூக்கக் கூடாதாம். துணி வெளுக்கிற பக்கம் மாத்தறாங்க.”

அவள் சிரிப்பு அப்போதுதான் நின்றது. குழந்தைகள் வார்டில் பால் குடிக்காமல் அழுகிற பிள்ளையெல்லாம் அவள் தோளில் போட்டால் அடங்கும். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவள் மாத்திரைப் பொட்டலத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

ஆடி முழுவதும் தம்பிராஜா வெளுப்பறைப் பக்கம் போகாமல் சுற்று வழியில் நடந்தான். ஒரு நாள் போகத்தான் வேண்டியிருந்தது. மடித்த படுக்கை விரிப்புகளின் மேல் தலை சாய்த்து அஞ்சலை உறங்கிக்கொண்டிருந்தாள். மாத்திரையை இரண்டு மடங்காகக் கூட்டியிருந்தார்கள். அவன் செருப்புச் சத்தத்துக்கு விழித்தவளுக்குப் பேச்சுக் குழறியது.

“பஞ்சு மூட்டைக்குள்ள இருக்கிற மாதிரி இருக்குண்ணே. நேத்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்களாம். யாரையோ கூப்பிடறாங்கன்னு இருந்துட்டேன்.”

உண்மையை ரென்விக்கிடம் சொல்லிவிடலாம். சொன்னால் கோகிலாவின் தாளும் வெளியே வரும். முகூர்த்தத்துக்கு இன்னும் இரண்டு வாரம்தான். கடைசியில், பாதி உண்மையே போதும் என்று அவனுக்குத் தோன்றியது.

“அஞ்சல, உனக்கு ஒண்ணுமில்ல. அந்த மாத்திரையை நிறுத்திடு.”

“டாக்டரு சொன்னாரா?”

“நான் சொல்றேன்.”

“அப்ப நிறுத்திடறேன்,” என்றாள். அவ்வளவு நம்பிக்கை.

ஆறாவது நாள் காலை, கொதிக்கிற துணித் தொட்டிக்குப் பக்கத்தில் அஞ்சலை விறைத்து விழுந்தாள். கைகால் இழுத்தது, வாயில் நுரை. வலது முன்கை தொட்டியில் பட்டு வெந்துபோனது. முற்றத்தில் நாட்டின் புதுக்கொடிக்குக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து தூக்கினார்கள். கட்டிலில் கிடத்தி, தம்பிராஜாவே அந்தக் கைக்கு மருந்து தடவிக் கட்டுப் போட்டான்.

ரென்விக் மாத்திரைப் பொட்டலத்தை எண்ணிப் பார்த்தார். முகம் சிவந்தது.

“நிறுத்தியிருக்கிறாள். இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நல்ல மூளைக்கே வலிப்பு வரும். இவளுக்குக் கேட்க வேண்டுமா? யார் நிறுத்தச் சொன்னது என்று கேள்.”

தம்பிராஜா தமிழில் கேட்டான். “யாரு நிறுத்தச் சொன்னதுன்னு டாக்டரு கேட்கறாரு.”

அஞ்சலை அவனையே பார்த்தாள். கண்ணில் கோபம் இருந்ததாக அவன் சொல்லவில்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம் என்றான்.

“யாரும் சொல்லலன்னு சொல்லுங்க. நானாத்தான் நிறுத்துனேன். உங்களுக்கு எதுக்கு வம்பு?”

அதையும் அவன் மாற்றிச் சொன்னான். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை.

“பார்த்தாயா, தாள் பொய் சொல்லாது,” என்றார் ரென்விக்.

அப்போது சொல்லியிருக்கலாம். வலிப்பே வந்துவிட்ட பிறகு யார் நம்புவார்கள் என்று அவன் தன்னிடம் சொல்லிக்கொண்டான். நம்ப மாட்டார்கள் என்பதுதான் அன்று அவனுக்குக் கிடைத்த நிம்மதி.

கோகிலாவின் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மூன்று பிள்ளைகள் பெற்றாள். ஒரு நாளும் அவளுக்கு வலிப்பு வந்ததில்லை. ராஜரத்தினம் தபால் ஆபீஸிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றார். டாக்டர் ரென்விக் அடுத்த ஆண்டு இயந்திரத்தோடு ஊர் திரும்பினார். தன் கட்டுரையில் ஆரோக்கியமானவர்கள் இருபத்தொன்பது பேர் என்று எழுதினார். அஞ்சலை மறுபடி குழந்தைகள் வார்டுக்குப் போகவில்லை. பதினான்கு வருடம் அந்த மாத்திரையைச் சாப்பிட்டாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எழுபத்தொன்றில் நிமோனியாவில் இறந்தாள். தம்பிராஜா ஓய்வு பெறும்வரை டிரஸ்ஸராக இருந்தான். புத்தகத்தில், அரைத்தூக்க முட்கள் நோயல்ல என்ற அந்த வரியைப் படித்த பிறகும் ஏழு வருடம் தினமும் அவளைப் பார்த்தான். அவளிடம் சொல்லவில்லை.