மச்சான் கேட்ட டெக்கீலா

இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத மச்சான் காத்தவராயன், திலீபன் மெக்சிகோ கிளம்பும் அன்று விருத்தாசலம் ஜங்ஷனுக்கே வந்து நின்றார்.

“மாப்ள, அந்த ஊருல டெக்கீலான்னு ஒண்ணு இருக்குதாமே. ஏர்போர்ட்டு கடையில விக்கிறது வேணாம். ஊர்க்காரங்க காய்ச்சிக் குடிக்கிறது ஒரு பாட்டிலு கொண்டாங்க.”

அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். திலீபனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு இருவரும் சேர்ந்து சுட்ட ஒரு சூளை நிறைய கொலு பொம்மைகள் விரிசல் விட்டுப் போயின. ஆறுவதற்குள் திறந்தது மாப்பிள்ளை என்றார் மச்சான். தீயைக் கூட்டியது மச்சான் என்றான் மாப்பிள்ளை. அன்றோடு பேச்சு நின்றது. ஒருவருக்குத் தங்கை, ஒருவனுக்கு மனைவி என்று நடுவில் கிடந்து அல்லாடியவள் அன்பரசி. அவளுக்காகவாவது அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்தே தீருவது என்று முடிவு கட்டினான். வேடிக்கை என்னவென்றால், அவனுக்குக் குடிப்பழக்கமே கிடையாது.

குவாதலஹாராவில் ஒரு பீங்கான் கம்பெனியில் பதினைந்து நாள் பயிற்சி. கிடைத்த ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று பஸ் மாறி மலையேறினான். வழியெல்லாம் நம்மூர் தண்டவாள ஓரத்து ஆனைக்கற்றாழைக்குத் தம்பி மாதிரி, டெக்கீலா காய்ச்சுகிற நீலக் கற்றாழை. பாஷை தெரியாது. கட்டைவிரலை வாய்க்கு நேராகக் கவிழ்த்துக் காட்டினான், எல்லாருக்கும் புரிந்தது. ஆனால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் லூப்பே என்கிற அம்மாள் அகப்பட்டாள். கொல்லையில் காய்ச்சியதை மண் பாட்டிலில் ஊற்றி, மணி உதிர்த்த சோளக்கதிர்ச் சக்கையால் அடைத்து, மெழுகு வைத்துக் கொடுத்தாள். ருசி பார்க்க ஒரு கிண்ணமும் நீட்டினாள். திலீபன் கிண்ணத்தை நகர்த்திவிட்டு, பாட்டிலில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டான். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஊர் வந்து சேர்ந்த களைப்பில் பெட்டியைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கிப்போனான். எழுந்தபோது மத்தியானம். பாட்டிலை வாங்கிப்போக மச்சான் கருவேப்பிலங்குறிச்சியில் பஸ் ஏறிவிட்டாராம். பாட்டில் அடைப்பில்லாமல் ஜன்னலோரம் நின்றது. எட்டிப் பார்த்தால், உள்ளே நீல மைத்தண்ணீர்!

அன்பரசி உள்ளூர் பீங்கான் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். மண்ணில் செய்த எது கையில் கிடைத்தாலும், காலி செய்து மைத்தண்ணீர் ஊற்றி, எங்கே கசிகிறது என்று பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

“உள்ள இருந்தது எங்கடி?”

“அதுவா? சாக்கடையில ஊத்திட்டேங்க. ஸ்பிரிட்டு ஊத்திக் கழுவிக் கொண்டாந்திருக்கீங்கன்னு நெனச்சேன். ஆனா பாட்டிலு சூப்பருங்க, ஒரு பொட்டு கசியல.”

திலீபன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். அந்த நேரம் பார்த்து மச்சான் உள்ளே நுழைந்தார். மறைக்க வழியில்லை, நடந்ததை அப்படியே சொன்னான்.

காத்தவராயன் மைத்தண்ணீரைக் கொட்டினார். பாட்டிலைச் சுண்டிக் காதில் வைத்தார்.

“சூளைய நல்லா ஆற வுட்டு எடுத்திருக்காங்க” என்றார்.

திலீபனுக்குச் சுருக்கென்றது. “அன்னிக்கி நான்தான் அவசரப்பட்டுட்டேன், மச்சான்.”

“தீயும் கொஞ்சம் கூடத்தான் போயிட்டுது, மாப்ள.” அவர் பாட்டிலைத் தடவிக்கொண்டே இருந்தார். “நான் குடிய வுட்டே எட்டு மாசம் ஆவுது. அன்னிக்கி உங்ககிட்ட பேசணும்னுதான் ஸ்டேஷனுக்கு வந்தேன். வாயில வேற ஒண்ணும் வரல.”

அன்பரசிக்கு உயிர் வந்தது. “அப்ப நான் கொட்டினதுல தப்பே இல்ல!”

“தப்புதான்!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

இரண்டு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.