டீச்சர் பிடித்த மெழுகு

வெள்ளிக்கிழமை டீச்சரின் மகளுக்குப் பதிவுத் திருமணம். பெண் வீட்டுச் சாட்சியாக அம்மாவும் மாமியும்தான் கையெழுத்துப் போடணும் என்று அந்தப் பெண் ஒற்றைக்காலில் நின்றாள். மாமிக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அம்மாவுக்குத்தான் கை வராது.

முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த கை அது. எட்டு மாசத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து படுக்கப்போட்டது. அப்புறம் நடை திரும்பியது, பேச்சு திரும்பியது, வலது கை மட்டும் டம்ளரைப் பிடிக்கிற அளவோடு நின்றுவிட்டது. பேனாவைக் கொடுத்தால் மீன்குஞ்சு மாதிரி நழுவிப் போகும். இடது கையால் போடேன் என்றால், "அது வேற யாரோ போட்ட கையெழுத்து" என்பாள். பதிவு அலுவலகத்துக் குமாஸ்தா நல்ல மனசோடுதான் சொன்னார், "முடியலைன்னா பெருவிரலை வெச்சிடுங்கம்மா" என்று. அன்றையிலிருந்து டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. கைநாட்டு! அதுவும் அவள்!

அந்த மாமிக்கு, அதாவது டீச்சருடைய அண்ணன் பெண்டாட்டிக்கு, இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பகலெல்லாம் பொய்ப்பல் செய்கிற கூடத்தில் வேலை அவளுக்கு. சாயங்காலமானால் வீட்டுப் பின்னறையில் ஒரு சின்ன லேத்தை ஓடவிட்டுப் பேனா கடைவாள். மரத்தில் இல்லை, வண்ண வண்ணப் பிளாஸ்டிக் கட்டிகளைத் துண்டு துண்டாக அறுத்து, ஒட்டி, அதைக் கடைந்து எடுப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி டீச்சரைத் தன் வீட்டுக்கு வரவழைத்து, பல்லுக்கு அளவெடுக்கிற ரோஸ் நிற மெழுகை வெந்நீரில் இளக்கி, பென்சில் மாதிரி உருட்டிக்கொண்டுவந்து நீட்டினாள்.

"இந்தா, எழுதுற மாதிரி இறுக்கிப் பிடி. கூரா இருக்கிற பக்கம் முனை. உன் விரல் பதியிற இடம்தான் உன் பேனாவோட இடுப்பு."

"பேனாவுக்கு இடுப்பு வேறயா?"

"உனக்கும் எனக்கும்தான் இல்ல, அதுக்காவது இருக்கட்டும்."

அடுப்பில் வைத்த வெந்நீர் பொங்கியது. அண்ணி ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்து பார்த்தால், மெழுகில் விரல்கள் அச்சு அசலாகப் பதிந்திருந்தன. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அட, கையில இவ்வளவு வலுவை வெச்சுக்கிட்டா அழுதே?" டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே அண்ணி துண்டுகளை அறுத்தாள். கருநீலம் ஒன்று, வெள்ளை ஒன்று, நடுநடுவே பொய்ப்பல்லுக்குப் போக மிச்சமிருந்த ஈறு நிறத்தில் மெல்லிசான பில்லைகள்.

"உங்க கடையில விலைபோகாத ஈறையெல்லாம் என் தலையில கட்டுறீங்களா அண்ணி?"

"கடிக்காது, பயப்படாதே."

பில்லைகளை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கி, பசை தடவி அடுக்கி, இடுக்கியில் நெருக்கி ஒரு ராத்திரி விட்டாள். மறுநாள் நடுவில் துளை போட்டுப் பித்தளைக் குழலைச் செருகி லேத்தில் பூட்டினாள். உளியை மெல்லத்தான் காட்டவேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் ஒட்டு விட்டு, துண்டு ஒரு மூலைக்கும் மனசு ஒரு மூலைக்கும் தெறிக்கும். மூன்று வண்ணச் சுருள்கள் அவள் மடியிலும் மூக்குக்கண்ணாடியிலும் வந்து விழுந்தன. மெழுகுக்குப் பக்கத்தில் வைத்து வைத்து அளந்து, ஒல்லியாக, பளபளவென்று, நகத்தால் வருடினாலும் ஒட்டு தெரியாத பேனா ஒன்றை எடுத்துவிட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். டீச்சர் வாங்கினாள். நழுவியது. மறுபடி எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் நழுவியது.

"பேனா லட்சணமா இருக்கு அண்ணி. கைதான் சரியில்ல. விட்டுடுங்க."

அண்ணி விடுகிற ஆளா? பையிலிருந்து மெழுகை எடுத்து டீச்சரின் வலது கையில் பொருத்திப் பார்த்தாள். பெருவிரல் பள்ளம் எதிர்ப்பக்கம் இருந்தது. திருப்பினால் முனை பின்னால் போனது. மேல்வரிசைப் பல்லைக் கீழ்த்தாடையில் மாட்டினால் எப்படி உட்காராதோ அப்படி.

"இது இடது கைப் பதிவு!"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க அடுப்புப் பக்கம் போனீங்களே, அப்பதான். வலது கையில பிடிச்சேன், நாலு கீறல்தான் விழுந்துச்சு. அதை உங்ககிட்ட காட்ட மனசு வரல. உருட்டி அழிச்சிட்டு..."

அண்ணிக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அளவைக் கையில் வாங்கினதும் இடமா வலமா என்று பார்ப்பதுதான் அவள் வேலையில் முதல் பாடம். அவள் பார்க்கவில்லையே. பள்ளம் ஆழமாக இருந்த சந்தோஷத்தில் கண் மூடிப்போனது.

"அடி கள்ளி! காப்பி அடிக்கிற பிள்ளையை நீ என்ன பண்ணுவே?"

"வகுப்புக்கு வெளியே நிக்க வைப்பேன்."

"அப்ப நாளைக்கு வந்து நில்லு. வெளியே இல்ல, என் லேத் பக்கத்துல."

அன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் புதுசாகத் துண்டுகளை ஒட்டினாள். வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டாள். இந்தத் தடவை மெழுகும் இல்லை, அளவுகோலும் இல்லை. நாலு இழைப்பு இழைப்பாள், இயந்திரத்தை நிறுத்துவாள். டீச்சர் நாற்காலியை இழுத்துப்போட்டு, லேத்தில் பூட்டியபடியே இருக்கிற கட்டியைப் பிடித்துப் பார்ப்பாள்.

"விரல் மடங்கல."

இன்னும் கொஞ்சம் இழைப்பு.

"இப்ப மடங்குது, ஆனா வழுக்குது."

"வழுக்குதா? சரி." அண்ணி விரல் படுகிற இடத்தில் உளி நுனியால் வரிசையாக வரி போட்டாள். அந்த வரிகளைத் தேய்த்து வழுவழுப்பாக்க அவள் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள்.

"அண்ணி, இது பேனாவா, மை ஊத்தின உலக்கையா?"

"பேசாம பிடி."

பிடித்தாள். குட்டிக் கத்திரிக்காய் பருமனில் இருந்ததைச் சுற்றி ஐந்து விரலும் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தன. அண்ணி மனசுக்குள் பத்துவரை எண்ணினாள். கையைவிட்டு நழுவவில்லை.

"இங்கயே நிறுத்துங்க அண்ணி," என்றாள் டீச்சர், ரொம்ப மெதுவாக.

வெள்ளிக்கிழமை, மகளும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டு முடித்தார்கள். குமாஸ்தா மைப்பெட்டியைத் திறந்து டீச்சர் முன்னால் வைத்தார். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. பேனாவைப் பிடித்துக் குனிந்தாள். முதல் எழுத்துக்கே வெகுநேரமானது. மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுத்துகள் பெரிசு பெரிசாக, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, கட்டத்தைத் தாண்டி, இரண்டாவது சாட்சியின் கட்டத்துக்குள்ளும் பாதி தூரம் போய்த்தான் நின்றன.

"இவங்க எங்கேம்மா போடுவாங்க?" என்றார் குமாஸ்தா, அண்ணியைக் காட்டி.

"கொஞ்சம் ஒடுங்கி உக்காருங்க அண்ணி," என்றாள் டீச்சர். அவள் கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது.

"நான் கல்யாணமாகி வந்த நாளா உன் வீட்டுல எனக்கு இதே கதிதான்."

அண்ணி அதே பேனாவை வாங்கிக்கொண்டாள். அது அவள் கைக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. எப்படித் திருப்பினாலும் முட்டியது. மிச்சமிருந்த மூலையில், எறும்பு ஊர்கிற மாதிரி பொடிப்பொடி எழுத்தில், டீச்சரின் கடைசி எழுத்தின் வால்மேல் பட்டுவிடாமல் தன் பெயரை எழுதினாள்.