வியாழன் சத்தம்

துல்கர்னைனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தென்காசியில் பதினோரு வருடமாக ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவன், ஒரு செட்டிடம் இப்படித் தோற்றதில்லை. குற்றாலத்துக் காந்திமதிநாதன் அண்ணாச்சியின் செட்டைச் சரிபார்த்து, அவர் வீட்டு மாடியிலிருந்து மாமரம் வரை புது ஏரியல் கம்பியும் கட்டிக் கொடுத்து ஒரு மாதம்தான் ஆகிறது. கடை மேசையில் அது தங்கமாகப் பாடியது. அண்ணாச்சி வீட்டிலோ, சாயங்காலம் சிற்றலையின் கடைசியில் லண்டன் தமிழ்ச் செய்தி பிடிக்கிற நேரம் பார்த்துப் புஸ்ஸென்று இரைந்து, அடங்கி, மறுபடி இரைந்தது. 1956 சித்திரை, அருவியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ரேடியோவுக்குள் மட்டும் சீசன்.

அண்ணாச்சி தீர்ப்பே எழுதிவிட்டார்.

"ஒரிஜினல் வால்வை உருவிட்டு, பழசைச் சொருகிட்டீரு. வெள்ளிக்கிழமைக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லன்னா ஜும்மா முடிஞ்சு வர்ற உம்ம ஜமாஅத்துக்காரங்ககிட்டயே சொல்லிருவேன், ஆமா."

செட்டுக்குள் எரிகிற அந்தக் கண்ணாடி வால்வை அவன் மாற்றவே இல்லை. திருடன் என்ற பேரோடு பள்ளிவாசல் படி எப்படி ஏறுவது? பக்கத்து அரிசி ஆலை மோட்டாரைச் சந்தேகித்தான். ஆலை பூட்டிக் கிடந்த நாளிலும் சத்தம் வந்தது. கடைசியில் திருநெல்வேலியில் பௌதிகம் நடத்தும் நாறும்பூநாதன் வாத்தியாருக்கு எல்லா விவரமும் எழுதிப் போட்டான். புதன்கிழமை கார்டு வந்தது.

"செட்டில் பழுதில்லை. நீர் கேட்டது வியாழன் சத்தம். போன வருடம்தான் அமெரிக்காவில் இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள். அவர்களும் முதலில் ஏதோ வண்டி இன்ஜின் சத்தம் என்றுதான் நினைத்தார்களாம்."

நாலு தடவை படித்தான். குழப்பம் நாலு மடங்கானது. இரைச்சலுக்குக் கிழமை எப்படித் தெரியும்? நம்முடைய வியாழக்கிழமையை அமெரிக்காக்காரன் எதற்குக் கண்டுபிடிக்க வேண்டும்? இருந்தாலும் படித்தவர் எழுதிய கார்டு.

மறுநாள் சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு குற்றாலம் போனான்.

"அண்ணாச்சி, இது வியாழக்கிழமை வர்ற சத்தமாம். இன்னைக்குப் பாருங்க, பிச்சுக்கிட்டு வரும்."

செட்டைப் போட்டார்கள். லண்டன்காரர் பக்கத்து வீட்டிலிருந்து பேசுகிறவர் மாதிரி செய்தி வாசித்தார். ஒரு பிசிறு இல்லை. இரைச்சல் வராதா என்று ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரன் ஏங்கிய கொடுமையை அன்றைக்குத்தான் பார்க்க முடிந்தது.

"எங்கவே உம்ம வியாழக்கிழமை?" என்றார் அண்ணாச்சி.

அவர் மனைவி குழல்வாய்மொழி கார்டை வாங்கிப் படித்தாள். "இதுல கிழமைன்னு எங்க இருக்கு? வியாழன்னுதான போட்டிருக்கு. வானத்துல நிக்காரே குருபகவான், அவரைச் சொல்லுதாங்க."

துல்கர்னைன் முற்றத்துக்கு ஓடினான். மேற்கே ஒன்று பளபளவென்று நின்றது. "இதா?"

"அது வெள்ளி. வியாழன் உச்சியில," என்றாள் பின்னாலேயே வந்த குழல்வாய்மொழி.

வெள்ளி என்றதும் நாளைய ஜும்மாதான் ஞாபகம் வந்தது. அண்ணாந்து பார்த்தான். அங்கேயிருந்தா மாமரத்துக் கம்பிக்குச் சத்தம் வருகிறது? வாத்தியார் விளையாடுகிறாரா? வால்வைத் திருடினான் என்றால் ஊரே நம்பும். கிரகம் இரைகிறது என்றால் எவன் நம்புவான்?

அப்போது உள்ளே ரேடியோ இரைந்தது; ஓடி வந்தான். புஸ்ஸென்று எழுந்து, அடங்கி, எழுந்தது. லண்டன்காரர் இருந்த இடம் தெரியவில்லை.

அண்ணாச்சி எழுந்து, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, ரேடியோவைப் பார்த்துக் கைகூப்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. துல்கர்னைனுக்கு ஒரு மாதத்தில் முதல்முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

"பாய், நான் ஜமாஅத்துல சொல்ல மாட்டேன்," என்றார் அண்ணாச்சி. "ஒரிஜினல் வால்வுல வெறும் லண்டன்தான் வந்துச்சு. நீரு மாத்திப் போட்டதுலதான் குருவே வந்திருக்காரு. களவுதான், ஆனா நல்லதுக்கு ஆயிட்டு. மன்னிச்சிட்டேன்."

"அய்யோ அண்ணாச்சி, நான் மாத்தவே இல்ல..."

"ஸ்ஸ்! குரு பேசுதாருல்லா, வாயை மூடும்வே."