திரும்பி வந்த வெளிச்சம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரும் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. "வெளிச்சம் வந்துச்சா?" என்றுதான் கேட்போம். மெல்லிய கொழுப்புச் சவ்வில் ஒளிரும் மூலக்கூறுகளைக் கலந்து, லேசரால் ஒரு பொட்டு அளவுக்கு ஒளியை அணைப்போம். அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் நகர்ந்து வந்து அந்த இருட்டை நிரப்பினால் சவ்வு ஓடுகிறது என்று அர்த்தம். கொலஸ்ட்ரால் சேர்க்கச் சேர்க்க ஓட்டம் மெல்லத் தளரும். கொல்கத்தாவில் எங்கள் துறைக்கு வந்த முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

எனக்கு மூத்த ஆய்வு மாணவி பிதிஷாவை அக்கா முறையில் தீதி என்பேன். அவள் கண்டது வேறு. பத்தில் மூன்று பங்கு கொலஸ்ட்ரால் ஆனதும் ஓட்டம் ஒரேயடியாக நின்றுவிட்டது. பொட்டு இருட்டாகவே கிடந்தது. மூன்று முறை செய்தாள், மூன்று முறையும் அப்படித்தான். எங்கள் வழிகாட்டி பாக்சி சார் எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அவளுடைய ஆய்வேடு முழுக்க அந்த இருட்டுப் பொட்டை நம்பித்தான் இருந்தது. உதவித்தொகையோ இந்த மாதத்தோடு சரி.

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். அந்த மூன்று பங்குக் கலவையை, கொலஸ்ட்ரால் கரைசலின் புதுக் குப்பி திறந்து முதல் வேலையாகச் செய்து காட்ட வேண்டும்.

"வேற பொழப்பே இல்லையா அந்த ஆளுக்கு?" என்றேன்.

"செஞ்சு மூஞ்சில அடிக்கலாம் வா, டுட்டுல்" என்று சிரித்தாள் தீதி.

நுண்ணோக்கி அறையில் கதவைச் சாத்தினோம். பொட்டை அணைத்தாள். ஓரத்தில் லேசாக மினுங்கியது.

"வரக் கூடாது" என்றாள். "வராதுன்னு சொல்லுடி."

"வராது தீதி."

வந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நிரம்பிவிட்டது. இடத்தை மாற்றினாள், வந்தது. இன்னொரு இடம், அங்கேயும் வந்தது. எத்தனையோ நாள் இந்த வெளிச்சத்துக்காகக் காளி மாவைக் கும்பிட்டிருக்கிறேன். அன்று அதை வாய்விட்டுத் திட்டினேன்.

பழைய குப்பியை எடுத்துப் பார்த்தேன். கடைசியாக மூடியபோது தீதி மையால் போட்ட கோட்டுக்கு அரை விரல் கீழே இருந்தது திரவம். அதன்பின் யாரும் அதைத் தொடவில்லை.

"தீதி, மூடி கசியுது."

அவள் வாங்கிப் பார்த்தாள். எப்போதுமே குறைந்த பங்கில் தொடங்கி அதிகத்துக்கு வரிசையாகப் போவாள். திறந்து மூடும்போதெல்லாம் கரைக்க ஊற்றிய குளோரோஃபார்ம் பறந்திருக்கிறது, கொலஸ்ட்ரால் மட்டும் தங்கிக் கரைசல் அடர்ந்துகொண்டே போயிருக்கிறது. மூன்று பங்கு என்று நினைத்து அவள் கலந்தது ஐந்தோ, ஆறோ! மூன்று முறை சரிபார்த்தவள், மூன்று முறையும் அதே வரிசையில்தான் போயிருக்கிறாள்.

"இன்னொரு தடவ பாக்கலாம் தீதி" என்றேன். வேறென்ன சொல்ல? எனக்கே நம்பிக்கையில்லை. அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், குப்பியை விடமாட்டேன் என்கிறாள்.

வெளியே பாக்சி சார் பொரி தின்றபடி வரும் சத்தம் கேட்டது. வழக்கம்போல் கதவைத் தட்டினார்.

"என்னம்மா, வெளிச்சம் வந்துச்சா?"

"வந்துடுச்சு சார்" என்றாள் தீதி.

"பேஷ், பேஷ்!" என்றார் பழக்கதோஷத்தில். பிறகு பொரி மெல்லும் சத்தம் நின்றுபோயிற்று.