இறைக்க எடுத்துப்போன வாளி

பரஹாத் பீப்பாய்க்குள் குச்சியை விட்டு எடுத்தான். குச்சியின் அடியில் ஒரு சாண் மட்டும் நனைந்திருந்தது. உள்ளறையில் அவனுடைய அப்பா எம்பெர்கென், தாடை கட்டப்பட்டுப் படுத்திருந்தார். விடியும்போது பூட்ஸின் ஒரு காலை மாட்டியவர், இன்னொன்றை மாட்டாமலே போய்விட்டார்.

"எவ்வளவு இருக்கு?" என்றாள் அவன் மனைவி சர்பினாஸ். கையில் தேநீர்க் கெண்டி.

"அப்பாவைக் குளிப்பாட்டலாம். இல்லன்னா மண் குழைக்கலாம். இல்லன்னா வர்றவங்களுக்கு டீ போடலாம்."

"மூணும் வேணுமே."

"அமு நதிகிட்ட போய்ச் சொல்லு."

அமு நதி கொக்யாப் பக்கம் எட்டிப் பார்த்து நாளாகிவிட்டது. அதன் கடைசி வாய்க்காலின் கடைசி ஊர் இது. மேலே இருக்கும் பருத்தி வயல்கள் குடித்து மிச்சம் வைத்தால்தான் இங்கே வரும். பருத்தி மிச்சம் வைக்கிற சாதி இல்லை.

மண் குழைப்பது சகானாவுக்கு. கொக்யாப்பில் யாரையும் குழிக்குள் புதைப்பதில்லை. முழங்கால் ஆழம் தோண்டினாலே உப்புத் தண்ணீர் ஊறிவிடும். அதனால் தரைக்கு மேலேயே மண்ணும் செங்கல்லும் வைத்து ஒரு குட்டி வீடு கட்டி, அதில் படுக்க வைத்து அடைத்துவிடுவார்கள். அதுதான் சகானா. இருக்கிறவர்களின் சுவரை உப்பு அரித்துக்கொண்டிருக்கும். இறந்தவர்களின் வீடு மட்டும் கூர்மையான மூலைகளோடு நிற்கும்.

தண்ணீர் லாரி போன வாரமே வந்திருக்க வேண்டும். வந்தது, ஊருக்குள் வரவில்லை. வாய்க்கால் கரையில் நீர் சேமிப்பு விழா. பெரிய மனிதர்களின் செருப்பில் புழுதி படியக்கூடாதென்று லாரி ரோட்டுக்குத் தெளித்தது. மீதித் தண்ணீரில் சிமெண்ட் குழைத்து ஒரு பலகை நட்டார்கள்: 'ஒவ்வொரு துளியும் தங்கம்.' அது உண்மைதான். ஊரில் யாரிடமும் தங்கமும் இல்லை.

முற்றத்துக் கைப்பம்பு வசந்தத்திலிருந்தே காற்றைத்தான் இறைத்தது. பக்கத்து வீட்டுப் பம்பும் அப்படித்தான், அதற்கடுத்த வீட்டிலும் அப்படித்தான். ஊரிலுள்ள எல்லாப் பம்புகளின் தோல் வாஷரும் ஒரே பருவத்தில் தேய்ந்துபோய்விட்டதாக ஊர் முழுக்க நம்பியது. எம்பெர்கெனும் நம்பினார். வாரச் சந்தைக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டே புதிது புதிதாக வாங்கி மாட்டினார்.

வெளியே கார் நின்றது. பெரியப்பா தஜெதீன் இறங்கும்போது டிரைவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். வாசலை நெருங்கியதும் ஊன்றுகோலில் சாய்ந்து, முறைப்படி குரலெடுத்தார்.

"ஐயோ, என் மலையே! ஐயோ, என் தம்பியே!"

வாசலைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டார். நீர்த்துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். இப்போது நீர் சேமிப்புக் குழுத் தலைவர். அந்தப் பலகையின் வாசகமும் அவருடையதுதான். ஆகஸ்ட் வெயிலில் கோட்டு, கோட்டில் பதக்கம்.

"பரஹாத், மாவட்டத் தலைவரே வர்றார்டா. டீ இல்லாம அனுப்பினா என் மானம் போயிடும். சகானா நல்லா அகலமா வரணும், ரெட்டைச் செங்கல்."

"தண்ணி அவ்வளவு இல்ல பெரியப்பா. அப்பாவைக் குளிப்பாட்டணும்."

தஜெதீன் குரலைத் தாழ்த்தினார். "தண்ணி இல்லாத இடத்துல சுத்தமான மண்ணால தடவினாப் போதும்னு மார்க்கத்துலயே சொல்லியிருக்கு. ரெண்டு தட்டு, முடிஞ்சுது. சிக்கனம்னா நம்ம குடும்பத்துலேர்ந்துதான ஆரம்பிக்கணும்?"

"நம்ம மண்ணை நாக்குல வெச்சுப் பாருங்க. ஒரே உப்பு. மாட்டுத்தோலைத்தான் அப்படிப் பதம் பண்ணுவாங்க."

"வாய் நீளுது."

குளிப்பாட்டுவதற்காகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்த முல்லா ஓரின்பாய் பீப்பாயைக் காட்டினார். "அந்த அனுமதி தண்ணி இல்லாதவனுக்கு, தஜெதீன். பீப்பாய் அதோ நிக்குது. கண்ணை மூடிக்கிட்டு இல்லன்னு நான் சொல்லிடுவேன். மேல ஒருத்தன் கண்ணை மூடறதில்ல. மகன் சொல்லட்டும்."

எல்லோரும் பரஹாத்தைப் பார்த்தார்கள். போன குளிர்காலத்தில் அப்பா சொன்னது அவன் காதில் இருந்தது. எங்க வேணா போடு, ஈரத்துல மட்டும் போடாத, மூட்டுவலி தாங்காது. செத்தப்புறம் ஏதுப்பா மூட்டுவலி என்று சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. 'சத்தியம் பண்ணு' என்றார். பண்ணினான்.

"தண்ணியாலதான் கழுவறோம்" என்றான். "சகானா வேணாம். குழி தோண்டச் சொல்லுங்க."

சர்பினாஸ் கெண்டியைத் தரையில் வைத்தாள்.

"என் தம்பியை உப்புத் தண்ணில முக்கப்போறியாடா?" என்றார் தஜெதீன். இந்த முறை குரல் நிஜமாகவே உடைந்திருந்தது.

"அழுக்கோட அனுப்பமாட்டேன் பெரியப்பா."

குளிப்பாட்டினார்கள். பரஹாத் செம்பிலிருந்து ஊற்ற, முல்லா தேய்த்தார். கழுவிய தண்ணீர் யார் காலிலும் மிதிபடக்கூடாதென்று சுவரோரம் சின்னப் பள்ளம் வெட்டியிருந்தது. தண்ணீர் அதில் தேங்கவில்லை. விழுந்த சத்தம் கேட்டது, அவ்வளவுதான். முல்லா அந்தப் பள்ளத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு இன்னொரு செம்பு கேட்டார்.

அப்பாவிடமிருந்து கழற்றிப்போட்ட கோட்டின் பையில் காகிதத்தில் சுற்றிய புதுத் தோல் வாஷர் ஒன்று இருந்தது. பரஹாத் அதைத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

இடுகாட்டுக்குத் தஜெதீன் ஒரு தகர வாளியோடு வந்தார். பிடியில் கயிறு கட்டியிருந்தது. "இறைச்சுக்கிட்டே இருக்கணும். ஒருத்தன் மொண்டு தருவான், ஒருத்தன் வாங்கி ஊத்துவான். நான் கையைக் காட்டினதும் தம்பியைச் சட்டுன்னு இறக்கிடணும்" என்று, அணை திறக்கிற தோரணையில் ஆள் நிறுத்தினார். சட்டைப்பையில் மடித்த இரங்கல் உரை எட்டிப் பார்த்தது. மாவட்டத் தலைவர் வரவில்லை. ரோட்டில் ஒரே புழுதி என்று சொல்லியனுப்பியிருந்தார்.

தோண்டினார்கள். முழங்கால் ஆழம் வந்தது.

"இதோ வந்துரும்" என்றார் தஜெதீன். "வாளிக்காரன் ரெடியா இரு."

இடுப்பு ஆழம். "எம்பெர்கென் அதிர்ஷ்டக்காரன்பா" என்றான் தோண்டியவன். நாலைந்து பேர் சிரித்தார்கள். "உசிரோட இருக்கும்போது வராத அதிர்ஷ்டம்" என்றான் இன்னொருவன். அதற்கும் சிரித்தார்கள்.

மார்பளவு. யாரும் சிரிக்கவில்லை. மண்வெட்டி ஒவ்வொரு தடவையும் வறட்டுச் சத்தத்தோடு இறங்கியது. மேலே வந்து விழுந்த மண் கட்டியாகக்கூட இல்லை; மாவு மாதிரி காற்றில் போனது.

"போதும்ணே, ஆழம் சரியா இருக்கு" என்றான் உள்ளேயிருந்தவன்.

"இன்னும் கொஞ்சம் தோண்டு" என்றார் தஜெதீன்.

"எதுக்கு?"

தஜெதீன் ஊன்றுகோலால் குழியின் அடியைக் காட்டினார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. வரும்போது தண்ணீர் ஊறிவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டவர்கள், இப்போது குழியைச் சுற்றி நெருங்கி நின்று, எங்கேயாவது மண் ஈரத்தில் கொஞ்சம் கறுக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். தோண்டியவனின் தொப்பியும் தரைக்குக் கீழே மறைந்தது.

"அப்போ பம்புல வாஷர்..." என்று பின்னாலிருந்து ஒருவர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை. முடிக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

பரஹாத் உள்ளே இறங்கினான். குனிந்து அடிமண்ணில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். இளஞ்சூடாக, நேற்றுச் சுட்ட ரொட்டியைத் தொடுவதுபோல் இருந்தது. அண்ணாந்து பார்த்தான். வட்டமாக முகங்கள். நடுவில் பெரியப்பாவின் பதக்கம் வெயிலில் ஆடிக்கொண்டிருந்தது.

"என்னடா?" என்றார் அவர். குரல் சன்னமாக இருந்தது. "கொஞ்சமாவது?"

"இறக்குங்க" என்றான் பரஹாத்.

உரை சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. மண் தள்ளியபோது எழுந்த புழுதியில் எல்லோரும் இருமினார்கள். திரும்பும்போது வாளியை யாரும் தொடவில்லை. கொஞ்ச தூரம் போன பரஹாத் திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டான்.

வீட்டு வாசலில் சர்பினாஸ் நின்றிருந்தாள்.

"ரொம்ப ஊறிடுச்சா?"

"இல்ல. காஞ்சுதான் இருந்துச்சு."

"அப்பாடா!" அவள் முகம் காலையிலிருந்து முதல்முறையாக இளகியது. "மாமா ஆசைப்பட்ட மாதிரியே ஆயிடுச்சு, பாத்தீங்களா?"

கூட வந்த ஆண்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள். தஜெதீன் கைப்பம்பின் அருகே போய் நின்று, அதன் கைப்பிடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். அழுத்தவில்லை.

"என்னங்க" என்றாள் சர்பினாஸ். "மாமா கோட்டுல புது வாஷர் இருந்துச்சே. அதைத்தான் மாட்டிப் பாருங்களேன். பாவம், ஆசையா வாங்கி வெச்சிருந்தார்."

பரஹாத் பெரியப்பாவைப் பார்த்தான். அவர் கோட்டைக் கழற்றிச் சுவரில் போட்டார். பதக்கம் சுவரில் மோதியது.

"ஸ்பானர் எங்கடா இருக்கு?" என்றார்.

இருவரும் குனிந்து நட்டைக் கழற்ற ஆரம்பித்தார்கள். சர்பினாஸ் அந்தத் தகர வாளியை எடுத்து, உள்ளே படிந்திருந்த மண்ணைத் தலைத்துணியின் நுனியால் துடைத்து, பம்பின் வாய்க்குக் கீழே நேராக வைத்தாள்.